சுரண்டாத கண்ணாடி

அத்தியாயம் 9

“சுரண்ட மாட்டேன் அத்தை” என்று மருமகள் சொன்ன இடத்தில் போன வாரம் விட்டோம். சொல்லி மூன்று நாளாகிறது. அந்த வீட்டில் இன்னும் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. கீழே வண்ணமீன் கடை, மேலே வீடு. கடையில் நாற்பது தொட்டிகள். மாமியார் தினமும் விடியற்காலையில் ஒன்றாம் தொட்டியிலிருந்து நாற்பதாம் தொட்டி வரை உள்கண்ணாடியைப் பிளேடால் சுரண்டிவிட்டுத்தான் பல்லே விளக்குவார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். பல் விளக்கிவிட்டுத்தான் வருவார். மற்றதெல்லாம் உண்மை. மீன் தெரியவேண்டும், கண்ணாடி தெரியக்கூடாது என்பது அவருடைய சட்டம். பாசி என்ற பேச்சை எடுத்தாலே அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு துணைப் பிரிவும் இருந்தது. தண்ணீருக்குள் கை விடுவது மாமியாரும் மகனும் மட்டும். மருமகள் வந்து ஆறு வருஷமாகிறது. அவளுக்கு வாசலை ஒட்டிய மேசை. தொலைபேசியை எடுப்பது, கூப்பிட்டவர் என்ன குறை சொன்னார் என்று நோட்டில் எழுதுவது, மற்றவர்கள் பிடித்துக் கொடுக்கும் மீனைப் பையில் போட்டுக் காற்றடைத்து ரப்பர் பேண்ட் சுற்றுவது. இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் மீன்கள் அவள் கைவழியாகப் போயிருக்கும். ஒரு தொட்டிக்குள் அவள் முழங்கை நனைந்ததில்லை.

மேலே, துணி துவைக்கும் இடத்து ஜன்னலோரம், அவளுக்கென்று ஒரு தொட்டி. கீறல் விழுந்ததால் கடையிலிருந்து கழித்துப் போட்டது. அதில் விலைபோகாத ஒரு ஜோடி மீசை சக்கரை விட்டிருந்தாள். சக்கர் மீனைப் பார்த்திருப்பீர்கள். வாயைக் கண்ணாடியில் அப்பிக்கொண்டு பாசியை மேய்ந்துகொண்டே இருக்கும். இந்த வகையில் ஆணுக்கு மூக்கின் மேல் கொத்தாக மீசை. கடையிலும் இது மூன்று தடவை குஞ்சு பொரித்தது. மூன்று தடவையும் பத்து நாளுக்குள் குஞ்சுகள் வயிறு ஒட்டிச் செத்தன. பளபளவென்று தேய்த்து வைத்த கண்ணாடியில் அவை எதை மேயும் என்று யாரும் யோசிக்கவில்லை.

மருமகள் யோசித்தாள். தன் தொட்டியின் கண்ணாடியைச் சுரண்டாமல் விட்டாள். பாசி படர்ந்தது, குஞ்சுகள் பொரித்தன, இருபத்தெட்டு நாளாகியும் ஒன்றுகூடச் சாகவில்லை. குஞ்சுகள் இன்னும் கொஞ்சம் பெரிதானதும் ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு கீழே போய், இனிமேல் நானும் தண்ணீரில் கை வைப்பேன் என்று சொல்லிவிடுவது என மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அதற்குள் துணி உலர்த்த மேலே வந்த மாமியார் பச்சைத் தொட்டியைப் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குள் சுரண்டாவிட்டால் நானே வந்து சுரண்டுவேன் என்று கெடு வைத்தார். பதிலுக்குத்தான் அவள் சுரண்ட மாட்டேன் என்றாள்.

இன்று சனிக்கிழமை.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவளுக்கு ஜன்னல் பக்கம் ஏதோ வித்தியாசமாக இருந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் தரையில் விழுகிற வெளிச்சம் இளம்பச்சையாக இருக்கும். இன்று வெள்ளை வெளேரென்று விழுந்தது.

தொட்டிக்குப் பக்கத்தில் கணவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் பிளேடு, மறுகையில் துண்டு. முகத்தில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவனின் சிரிப்பு.

தொட்டியில் பாசி என்று ஒரு பொட்டுகூட இல்லை. நான்கு பக்கக் கண்ணாடியும் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கற்களை வெந்நீரில் போட்டுத் தேய்த்திருந்தான். தண்ணீரைச் சுத்தம் செய்யும் பழைய ஸ்பாஞ்சைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டியிருந்தான். குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் வழித்தெடுத்து, எண்ணி, திரும்ப விட்டிருந்தான். எல்லாம் அவள் அடுப்படி வேலையை முடித்துக் குளித்து வருவதற்குள்.

“அறுபத்து மூணு. ஒண்ணுகூட அடிபடல” என்றான்.

இப்படி ஒரு தப்பைச் செய்ய வேறு எந்த வீட்டுக் கணவனுக்கும் கைவராது. மற்றவனாக இருந்தால் பாதிக் குஞ்சையாவது நசுக்கியிருப்பான், நாமும் அவனைத் திட்டித் தீர்த்திருக்கலாம். இவன் பன்னிரண்டு வயதிலிருந்து பிளேடு பிடித்தவன். நாளைக்கு அம்மா வந்து சண்டை போடுவதற்குள் நானே முடித்துவிட்டால் உனக்கும் மனக்கஷ்டம் இல்லை, அம்மாவுக்கும் கோபம் இல்லை என்று நினைத்தானாம். அதை அவன் சொன்ன விதத்தில் சூதுவாது எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. காது இரண்டும் கொதித்தன.

சுரண்டியதெல்லாம் எங்கே என்று கேட்டாள். சாக்கடையில் ஊற்றிவிட்டதாகச் சொன்னான். பழைய ஸ்பாஞ்ச்? குப்பை வண்டி வந்து போய்விட்டது.

“குஞ்சுங்க எதைத் திங்கும்?”

அவன் தீனி டப்பாவைக் காட்டினான். இரண்டு சிட்டிகை தூவியிருக்கிறானாம். அந்த இரண்டு சிட்டிகையும் தொட்டியின் அடியில் அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. குஞ்சுகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டே இருந்தன. நகர்ந்து நகர்ந்து அசைத்தன. அங்கே ஒன்றும் இல்லை என்று அவற்றுக்கு இன்னும் தெரியவில்லை.

அவள் குரலை உயர்த்தவில்லை.

“நீங்க எனக்கு உதவி பண்ணல. உங்க அம்மாவுக்கும் எனக்கும் நடுவுல நிக்கப் பயந்துகிட்டு, என் பக்கத்தைத் துடைச்சு எடுத்துட்டீங்க.”

அவன் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தான். பிறகு அந்த வாளி தனக்கு வேண்டும் என்று அவள் சொன்னதும் எழுந்து நின்றான்.

ஒன்பது மணிக்குத் தண்ணீர் லேசாகக் கலங்க ஆரம்பித்தது, ஒரு சொட்டுப் பால் விழுந்தாற்போல. மீனின் கழிவையும் மிச்சத் தீனியையும் இத்தனை நாள் பாசியும் பழைய ஸ்பாஞ்சும் சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒரே நாளில் எடுத்தாகிவிட்டது. பத்து மணிக்கு நாலைந்து குஞ்சுகள் கண்ணாடியை விட்டு மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்தன. நாளைக் காலை வரை தாங்காது என்பது பார்த்த மாத்திரத்தில் புரிந்தது.

இரண்டு பொருள் வேண்டும். மீன் இருந்து பழகிய தண்ணீர் ஒன்று, பாசி ஒன்று. பழகிய தண்ணீர் கீழே கடையில் நாற்பது தொட்டியிலும் இருக்கிறது. பாசிதான் இல்லை. நாற்பது தொட்டியையும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரு நகக்கண் அளவுக்குக் கிடைக்காது. அப்படிச் சுரண்டி வைத்திருந்தார் மாமியார்.

அப்போதுதான் அவளுக்குத் தன் மேசையும் நோட்டும் ஞாபகம் வந்தன. பாசி பிடித்திருக்கிறது என்று இந்த ஊரில் எந்த வீட்டிலிருந்து ஃபோன் வந்தாலும் எடுத்தவள் அவள்தான். நோட்டைப் புரட்டவேண்டிய அவசியம்கூட இல்லை. பல் டாக்டரின் வரவேற்பறைத் தொட்டி, அங்கே மருந்து ஊற்றிப் பாசியைக் கொன்றாகிவிட்டது. ஓய்வுபெற்ற தபால்காரர், அவர் தொட்டியையே விற்றுவிட்டார். இரண்டு தெரு தள்ளித் தையற்காரர், ஒரே மாதத்தில் மூன்று முறை கூப்பிட்டவர்.

வாளியோடு கடை வழியாக வெளியே போனவளை மாமியார் நிறுத்தினார். மூன்று நாளைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டார்.

“பாசி வாங்க” என்றாள்.

அந்தக் கடையிலிருந்து பாசியை ஒழிக்க ஆள் போனதுண்டு. பாசி வேண்டும் என்று வாளி தூக்கிக்கொண்டு போனவள் இவள் ஒருத்திதான். நக்கல் பண்ணுகிறாள் என்று நினைத்து மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

தையற்காரரின் கடை ஒரே அறை. மெஷின், வெட்டுமேசை, கொக்கியில் தொங்கும் பாதிச் சட்டைகள். மூலையில் ஒரு பெட்டியின் மேல் லைனிங் துணி போர்த்தியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மனுஷர் சங்கோஜப்பட்டார்.

“உங்க மாமியாருக்குத் தெரிய வேணாம்மா. நான் கூப்பிட்டப்பல்லாம் உங்க கையிலேர்ந்து ஃபோனை வாங்கி என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க.”

துணியை விலக்கினார். உள்ளே பச்சையோ பச்சை. கற்கள், கண்ணாடி, ஒரு உடைந்த மண்சட்டி எல்லாவற்றிலும் புல்வெளி மாதிரி வளர்ந்திருந்தது. அதற்கு நடுவே ஐந்து கப்பி மீன்கள் கொழுகொழுவென்று நீந்திக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே மாமியார் கடையில் வாங்கிய பாசி மருந்து பாட்டில் இருந்தது. மருந்து விழுந்த பாசியைக் குஞ்சுகளுக்குக் கொடுக்க முடியாது.

ஊற்றினீர்களா என்று கேட்டாள். மூடியின் சீலைக்கூட உடைக்கவில்லை என்றார். பாட்டிலின் பின்னால் பொடி எழுத்தில் நத்தை இருந்தால் ஊற்றாதே என்று போட்டிருந்ததாம். ஊசிக்கு நூல் கோக்கிற கண் அல்லவா, படித்துவிட்டார். அவரிடம் ஒரு நத்தை இருந்தது. ஒரு நத்தைக்காக மூன்று மாதம் வெட்கத்தைத் துணி போட்டு மூடி வைத்திருந்த மனுஷரை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். மூன்று தடவை ஃபோன் பண்ணியபோதும் அதைத்தான் கேட்க நினைத்தாராம், மாமியார் கேட்க விடவில்லையாம்.

“இது நல்லதாம்மா கெட்டதா? ஒரு வார்த்தையில சொல்லுங்களேன்.”

“ஒரு வார்த்தையில வராது அண்ணே. தைக்கறதுக்கு வெளிச்சம் வேணும்னு பதினாலு மணி நேரம் லைட் எரியுது. அஞ்சு மீனுக்கு அம்பது மீன் தீனி போடறீங்க. அந்த அழுக்கையெல்லாம் பாசிதான் தின்னுகிட்டிருக்கு. அது இல்லைன்னா மீனுங்க இந்நேரம் மூச்சு முட்டிப் போயிருக்கும். லைட்டைக் குறைங்க, தீனியைக் குறைங்க, பார்க்கறதுக்கு முன்கண்ணாடியை மட்டும் துடைச்சுக்குங்க. மிச்சத்தை விட்டுடுங்க.”

“அப்ப நான் அசிங்கமா வச்சிருக்கேன்னு அர்த்தம் இல்லையே?”

“இல்லவே இல்லை. கொஞ்சம் அதிகமா இருக்கு, அவ்வளவுதான்.”

அவர் போர்த்தியிருந்த துணியை நாலாக மடித்துக் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தார். மறுபடி மூடவில்லை.

மூன்று கற்களை எடுத்துக்கொண்டாள். இரண்டு பச்சைக் கற்கள், மூலையிலிருந்து கருநீலமாக வெல்வெட் போர்த்தினாற்போல் ஒன்று. அந்த மூலை கொஞ்சம் நாறும் அம்மா என்று தையற்காரர் எச்சரித்தார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிறைய இருக்கிறதே என்ற சந்தோஷம்தான் அவளுக்கு. ஈரத்துணியில் சுற்றி வாளியில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

வழியில்தான் அந்த எண்ணம் வந்தது. கற்களை மாடிக்குக் கொண்டுபோய்ப் பிரயோஜனமில்லை, அங்கே தண்ணீரே கெட்டுக்கொண்டிருக்கிறது. கடையின் முகப்பில், தெருவைப் பார்த்து, ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. அதிலிருந்த தங்கமீன்கள் வியாழக்கிழமை மொத்தமாக விற்றுப்போயின. புது மீன் திங்கட்கிழமைதான் வரும். அதுவரை பழைய ஸ்பாஞ்சும் பழகிய தண்ணீருமாகக் காலியாக ஓடிக்கொண்டிருக்கிறது. குஞ்சுகளுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் அந்தக் கட்டிடத்திலேயே கிடையாது.

அது மாமியாரின் உயிர். தெருவில் போகிற யாரும் நின்று பார்க்கிற தொட்டி. அதில் பாசிக் கல்லை வைப்பது என்றால் அவர் நெற்றியில் வைப்பது மாதிரி.

ஒரு கணம் தயங்கினாள், அவ்வளவுதான். இத்தனை நாள் மாடியில் ஒளித்து வளர்த்ததுதான் நான் செய்த முட்டாள்தனம் என்று தோன்றியது. ஒளித்து வைத்ததால்தானே பார்ப்பவர்களுக்கெல்லாம் அது அழுக்காகத் தெரிந்தது, கட்டின புருஷனுக்கே தெரிந்தது. பட்டப்பகலில் நடுக்கடையில் வைக்கிறேன், யார் என்ன செய்துவிடுவார்கள் பார்க்கலாம்.

மாமியார் பின்கட்டில் ஸ்பாஞ்சுகளை அலசிக்கொண்டிருந்தார். மருமகள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முகப்புத் தொட்டியின் மூடியைத் திறந்தாள். மூன்று கற்களையும் உள்ளே வைத்தாள். முழங்கைக்கு மேல் தண்ணீர் ஏறியது. நினைத்ததைவிடச் சில்லென்று இருந்தது.

மாடிக்குப் போய், தாக்குப்பிடிக்கும் பெரிய ஜோடியை விட்டுவிட்டு, குஞ்சுகளை மட்டும் பாத்திரத்தில் எடுத்தபோது கணவன் உதவிக்கு வந்தான். பாத்திரத்தை அவன் கையில் கொடுத்து, எங்கே போகிறோம் என்பதையும் சொன்னாள். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை. படியில் இறங்கும்போது ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கொண்டுவந்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். தண்ணீர் தண்ணீரோடு பழகுவதற்காகப் பாத்திரத்தை அரைமணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். பிறகு மெல்லச் சாய்த்தாள்.

குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறங்கின. பாதி பச்சைக் கற்களின் மேல் விழுந்து மேய ஆரம்பித்தன. மீதி நேரே போய் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. தெருவிலிருந்து பார்த்தால் கண்ணாடி முழுக்கக் குட்டிக் குட்டி வயிறுகள் தெரியும்.

அந்த நேரம் பார்த்து மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தார்.

நின்றார். தொட்டியைப் பார்த்தார், கற்களைப் பார்த்தார், தண்ணீருக்குள் இருந்த மருமகளின் கையைப் பார்த்தார். கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வேறு எதையோ பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“கையை எடு.”

“குஞ்சுங்க இன்னும் இறங்கிட்டிருக்கு அத்தை.”

“இது என் முகப்பு.”

“தெரியும். அதனாலதான் இங்க கொண்டாந்தேன்.”

மாமியார் கைப்பிடி போட்ட பிளேடை எடுத்தார், இன்னொரு பக்கத்திலிருந்து தன் கையையும் தண்ணீருக்குள் விட்டார். ஒரே தொட்டிக்குள் இரண்டு பெண்களின் கைகள். பிளேடு முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் வந்து நின்றது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்துப் பழகியது. இப்போது இழுக்கவேண்டிய பாதையில் இருபது குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

மருமகள் தன் உள்ளங்கையைப் பிளேடுக்குக் கீழே கண்ணாடியோடு சேர்த்து வைத்தாள்.

“கண்ணாடியில பாசியே இல்லை அத்தை. குஞ்சுதான் இருக்கு. எதைச் சுரண்டப் போறீங்க?”

பிளேடு அசையவில்லை. மாமியார் பேச ஆரம்பித்தபோது குரல் கோபமாக இல்லை, களைத்திருந்தது. அதைக் கேட்டு மகன் நிமிர்ந்தான். தன் கணவர், அதாவது மருமகளின் மாமனார் காலத்தில் இந்தக் கடை எப்படி இருந்தது என்று அவர் சொன்னார். மாமனாருக்குப் பச்சைத் தண்ணீர் என்றால் உயிர். அதில்தான் மீன் நன்றாக வளரும் என்று பதினோரு தொட்டியைப் பச்சையாகவே விட்டிருந்தார். ஒரு கோடையில் இரண்டு நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பினார்கள். நடுவில் கரன்ட் போயிருந்தது, காற்றுப் பம்ப் நின்றிருந்தது. கரன்ட் போனது எல்லாத் தொட்டிக்கும்தான். ஆனால் பச்சைத் தொட்டிகளில் ஒரு மீன் மிச்சமில்லை. மாமனார் அன்றைக்கு மாடி ஏறியவர் மறுபடி கடைக்கு இறங்கவே இல்லை, இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு கடையைத் திறந்த மாமியார் முதல் வேலையாக வாங்கியது பிளேடு.

கரன்ட் போய் மீன் செத்த கதை மருமகளுக்குத் தெரியும். பச்சைத் தண்ணீர் என்ற பாகத்தை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. மனசு இளகத்தான் செய்தது. கை மட்டும் நகரவில்லை.

“மாமா வளர்த்தது தண்ணிக்குள்ள கலந்து நிக்கற பாசி. காத்து நின்னுட்டா இருட்டுல மீனோட மூச்சையும் சேர்த்து இழுத்துக்கும். இது கல்லைப் புடிச்சுகிட்டு இருக்கற பாசி. தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. ரெண்டும் வேற வேற அத்தை. நீங்க ரெண்டையும் ஒரே பிளேடால சுரண்டிட்டீங்க.”

தம்பதியில் ஒருவர் இருமினார். மாமியார் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிளேடை வெளியே வைத்துவிட்டு, தண்ணீருக்குள் கையை நீட்டி, மூன்றாவது கல்லை எடுத்தார். கருநீலக் கல்லை.

“ரெண்டும் வேறன்னு தெரிஞ்ச பொண்ணு, இது என்னன்னு சொல்லு.”

கட்டைவிரல் நகத்தால் ஒரு ஓரத்தை நெம்பினார். வெல்வெட் போலிருந்தது மொத்தமாக ஒரு தோல் மாதிரி உரிந்து வந்தது. அதை மருமகளின் மூக்குக்கு நேரே பிடித்தார். சேற்று நாற்றம் குப்பென்று அடித்தது. இதைச் சக்கரும் தொடாது, நத்தையும் தொடாது, ஒரு வாரத்தில் அடிமண்ணையெல்லாம் போர்த்திக்கொண்டு தண்ணீரைக் கெடுத்துவிடும் என்றார். பாசிக்கும் இந்தச் சளிக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்குத் தண்ணீரில் கை வைக்க என்ன அவசரம் என்றும் கேட்டார். இது எத்தனை நேரமாக உள்ளே இருக்கிறது என்பதுதான் கடைசிக் கேள்வி.

“அரைமணி நேரத்துக்கு மேல” என்றாள் மருமகள்.

“பரவறதுக்கு அது போதும்.”

தையற்காரர் சொன்னபோதே முகர்ந்து பார்த்திருக்கலாம். வாளியில் வைக்கும்போதாவது பார்த்திருக்கலாம். ஆறு வருஷம் காத்திருந்து தண்ணீரில் கை வைத்த முதல் நாளே இப்படி ஒரு தப்பு. அழுதுவிட்டு மாடிக்கு ஓடிவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அழுதால் இந்தக் குஞ்சுகளை யார் பார்ப்பது?

இடது கையால் மற்ற இரண்டு கற்களையும் ஒவ்வொன்றாக மேலே எடுத்தாள். நகத்தால் கீறிப் பார்த்தாள், உரியவில்லை. முகர்ந்தாள், மழைக்குப் பிந்திய புல்வாசனை. கற்களைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

“ஒண்ணு தப்பு. ஒத்துக்கறேன். இந்த ரெண்டும் இங்கதான் இருக்கும்.”

“அம்மா” என்றான் கணவன். காலிப் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். “மேல அந்தத் தொட்டியைச் சுரண்டினது நான். அவ இல்லை.”

“நல்ல காரியம் பண்ணின.”

“இல்லம்மா.”

முப்பத்து நாலு வயதில் அவன் தன் அம்மாவிடம் சொன்ன முதல் ‘இல்லை’ அது. பெரிதாக எதுவும் இடிந்து விழவில்லை. அவனே அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான்.

மாமியார் உரித்த தோலைத் துணியில் சுற்றிக் குப்பையில் போட்டார். கையைக் கழுவினார். இனிமேல் என்ன செய்யப் போகிறாய் என்று அவர் வாயால் கேட்கவில்லை, ஆனால் பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரப் போவதில்லை என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“ஒரு வாரம்” என்றாள் மருமகள். “அடுத்த சனிக்கிழமை இதே நேரம் வரைக்கும் இந்தத் தொட்டியில யார் பிளேடும் படக்கூடாது. சளி தெரிஞ்சா நான் எடுக்கறேன், தினமும் மூணு வேளை பார்க்கறேன். பரவிடுச்சு, குஞ்சு போயிடுச்சுன்னா, நானே சுரண்டறேன். அதுக்கப்புறம் தண்ணிப் பக்கமே வரமாட்டேன். மேசையிலேயே கிடக்கறேன்.”

“பொழைச்சா?”

அந்தக் கேள்வியை மாமியார் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தண்ணீரில் கை வைக்க ஒரு தொட்டி கொடுங்கள் என்று கேட்பதாகத்தான் ஆறு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ஒரே ஒரு தொட்டி, மூலையில் இருப்பதாக இருந்தாலும் பரவாயில்லை என்று. அந்த ஒத்திகை வசனம் இப்போது வாயில் வரவில்லை.

“பொழைச்சா பாதிக் கடை என் கையில. இருபது தொட்டி.”

கிண்ணம் வாங்க வந்த அம்மாள் தன்னை மறந்து நிமிர்ந்து பார்த்தாள். கணவனின் கையிலிருந்த பாத்திரம் நழுவிக் கடைசி நொடியில் பிடிபட்டது. மாமியாரின் முகத்தில் கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் தொட்டியைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு குஞ்சு அவருடைய மூக்குக்கு நேரே வாயை அசைத்தது.

“பத்து” என்றார்.

கடைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அந்த ஒரு சொல் போதும். கொடுக்க மனமில்லாதவர்கள் பேரம் பேசமாட்டார்கள். வேறொருத்தியாக இருந்தால் அந்தப் பத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கியிருப்பாள். கணவன்கூட ஒத்துக்கொள் ஒத்துக்கொள் என்று கண்ணால் கெஞ்சினான்.

“இருபது” என்றாள் மருமகள். தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை.